பள்ளி முடிந்தது, பாதை எங்கே?

(மாற்றுத்திறனாளி மாணவர்களின் மேற்படிப்பு குறித்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் மே திங்கள் வருகிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவும் வருகிறது. ஊரெங்கும் ஒரே பரபரப்பு. யாருக்கு எத்தனை மதிப்பெண், எந்தக் கல்லூரி, என்ன படிப்பு என்பதே வீட்டுக்கு வீடு பேச்சு. தேநீர்க் கடையிலே அதே பேச்சு. பேருந்திலே அதே பேச்சு. இனிப்பு வழங்குவோர் வழங்குகின்றனர். கண் கலங்குவோர் கலங்குகின்றனர். இத்தனை பரபரப்புக்கும் நடுவே, நம் தெருவிலேயே ஒரு வீடு அமைதியாக இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளையும் தேர்வு எழுதியிருக்கிறது, தேறியும் இருக்கிறது. ஆனால், ‘அடுத்து என்ன?’ என்று அந்தப் பிள்ளையை எவரும் கேட்பதில்லை. ஏன்? அந்தப் பிள்ளைக்குக் கண் தெரியாது. அல்லது காது கேளாது. அல்லது கால் நடவாது. ‘இவ்வளவு படித்ததே பெரிது’ என்று ஊர் தீர்ப்பு எழுதி முடித்துவிடுகிறது. அந்தத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

உருக்கமாகப் பேசி, உங்கள் கண்களில் நீரை வரவழைத்துவிட்டுப் போவது என் நோக்கமன்று. கணக்கோடு வந்திருக்கிறேன், கணக்கைக் கேளுங்கள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு; அதாவது ஆயிரத்துக்கு 22 பேர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11 இலட்சத்து 80 ஆயிரம் பேர். 2021-22ஆம் கல்வியாண்டில் நாடு முழுவதும் பள்ளிகளில் பயின்ற சிறப்புத் தேவையுடைய பிள்ளைகள் 22 இலட்சத்து 67 ஆயிரம் பேர். ஆயிரம் மாணவர்க்கு ஏறத்தாழ 9 பேர். அதே ஆண்டில் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பயின்றோர் 4 கோடியே 33 இலட்சம் பேர். அவர்களுள் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் தெரியுமா? 88,748 பேர். ஆயிரத்துக்கு இருவர்!

இருபத்திரண்டு, ஒன்பது, இரண்டு. இந்த மூன்று எண்களையும் மனத்திலே பதித்துக்கொள்ளுங்கள். ‘மக்கள்தொகைக் கணக்கிலே முதியோரும் அடங்குவர், ஆகவே 22 என்பது பெரிதாகத்தான் தெரியும்’ என்று ஒருவர் வாதிடலாம். வாதம் சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்பது எப்படி இரண்டாயிற்று? பள்ளியிலே பெயர் எழுதப்பட்ட பிள்ளை, பலகையிலே அமர்ந்த பிள்ளை, பாடம் கேட்ட பிள்ளை, கல்லூரி வாயிலுக்கு வருமுன் எங்கே மறைந்தது? இந்தக் கேள்விக்கு முதுமையைக் காட்டித் தப்பிவிட முடியாது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது தோழர்களே, நன்றாகவே இருக்கிறது! 1995ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்தது. மூன்று விழுக்காடு இடம் ஒதுக்கியது. 2016ஆம் ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது; 2017 ஏப்ரல் 19 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைப் பேசியது. புதிய சட்டம் 21 வகைகளை ஏற்றது. நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடைய பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை கட்டணமில்லாக் கல்வி உரிமை என்றது அதன் 31ஆம் பிரிவு. அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு உதவி பெறும் நிறுவனங்களிலும் குறைந்தது ஐந்து விழுக்காடு இடம் அவர்களுக்கே என்றது 32ஆம் பிரிவு. வயது வரம்பிலும் ஐந்தாண்டு தளர்த்தியது. தேர்விலே கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றை 17ஆம் பிரிவு எடுத்துரைத்தது. உரிய வசதியைச் செய்து தர மறுப்பதே பாகுபாடு என்று இலக்கணமும் வகுத்தது.

ஐந்து விழுக்காடு என்றால் ஆயிரம் இடத்தில் 50 இடம். கல்லூரிகளிலே நாம் காண்பதோ ஆயிரத்துக்கு இருவர். உயர்கல்விக் கணக்கெடுப்பிலே தனியார் கல்லூரிகளும் சேர்ந்திருக்கின்றன. ஆகவே இந்த இரண்டு எண்களையும் நேருக்கு நேர் நிறுத்திவிட முடியாது. ஆயினும் இடைவெளியின் அகலம் விளங்கவில்லையா? கேட்டால், ‘இடம் ஒதுக்கினோம், ஆள் வரவில்லை’ என்பார்கள். ஆற்றின் அக்கரையிலே இலை போட்டு, அன்னம் பரிமாறி, பாலத்தை மட்டும் கட்டாமல் விட்டுவிட்டு, ‘உண்ண ஒருவரும் வரவில்லையே’ என்று வியப்பதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

அந்தப் பாலம் எங்கெங்கே உடைந்திருக்கிறது? மூன்று இடங்களைக் காட்டுகிறேன்.

முதல் உடைப்பு, பதினொன்றாம் வகுப்பின் வாயிலிலே. எந்தப் பாடப்பிரிவு என்பதை அங்கேதான் முடிவு செய்கிறார்கள். அந்த ஒரு முடிவு, பொறியியலா, மருத்துவமா, கணக்கியலா, இலக்கியமா என்பதை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தீர்மானித்துவிடுகிறது. பார்வையற்ற பிள்ளைக்குக் கணிதமும் அறிவியலும் எதற்கு என்று நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். அந்த நல்லெண்ணமே கதவைச் சாத்துகிறது! மச்சிலிப்பட்டினத்துப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்த சிறீகாந்த் பொல்லாவின் வரலாற்றைக் கேளுங்கள். பிறவியிலேயே பார்வை இல்லை. பத்தாம் வகுப்பில் சிறந்த மதிப்பெண் பெற்று, அறிவியல் பிரிவு கேட்டார். விதியில் இடமில்லை என்றனர். நீதிமன்றம் சென்றார்; வென்றார்; படித்தார்; தேர்விலே 98 விழுக்காடு பெற்றார். அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் அவரை வரவேற்றது. 2012இல் தாயகம் திரும்பித் தொழில் நிறுவனம் தொடங்கி, மாற்றுத்திறனாளிகளுக்கே வேலை கொடுத்தார். அவர் கதையைத் திரைப்படமாகவும் எடுத்துவிட்டார்கள். கைதட்டுவோம், தவறில்லை. ஆனால் பத்தாம் வகுப்பு முடித்த ஒரு சிறுவன், பாடம் படிப்பதற்காக வழக்கு மன்றப் படி ஏற வேண்டியிருந்ததே, அதற்கும் கைதட்டுவதா? படியேற வழியின்றி, கிடைத்த பிரிவிலே அமர்ந்துவிட்ட பிள்ளைகளை எந்தத் திரையில் காண்போம்?

இரண்டாவது உடைப்பு, தாளிலே. மருத்துவக் குழுவின் சான்று வேண்டும். தனித்துவ அடையாள அட்டை வேண்டும். அவை இல்லையேல் ஒதுக்கீடு இல்லை. கூடுதல் நேரம் இல்லை. பதினொன்றாம் வகுப்பிலிருந்து பட்ட மேற்படிப்பு வரைக்கும் உள்ள மத்திய அரசின் உதவித்தொகையும் இல்லை. கலந்தாய்வு நாள் நெருங்கிய பின் சான்றுக்கு ஓடுகிறார்கள். தந்தை ஒரு நாள் கூலியை இழக்கிறார்; மருத்துவர் விடுப்பு; மறுவாரம் வா என்கிறார்கள். மறுவாரம் சான்று வருகிறது, கலந்தாய்வு முடிந்துவிடுகிறது.

தாளைக் கையிலே வைத்திருந்தாலும் தப்புவதில்லை. 2021ஆம் ஆண்டு, எழுதுவதில் குறைபாடுடைய ஒரு மாணவி, சான்றோடு நீட் தேர்வு எழுதச் சென்றார். சட்டப்படி அவருக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக உண்டு. தேர்வு மையத்திலே அதைத் தர மறுத்து, விடைத்தாளை வாங்கிக்கொண்டார்கள். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. போட்டித் தேர்வில் இவையெல்லாம் இயல்பே என்று கூறித் தனியொருவருக்கு இழைத்த அநீதியை மறந்துவிட முடியாது என்று நவம்பர் திங்களில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரிகாரம் காணுமாறு தேர்வு முகமைக்கு ஆணையிட்டது. ஆனால் மறுதேர்வு கிடைக்கவில்லை. மணி அடித்த பிறகு வந்த நீதி, போன மணியைத் திருப்பித் தருமா?

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள், வேதனையான வேடிக்கை! மருத்துவப் படிப்பிற்கான விதி ஒன்று இருந்தது. பேச்சுக் குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறைவா? ஒதுக்கீடு கிடையாது. 40 விழுக்காடோ அதற்கு மேலோ? படிக்கவே தகுதி கிடையாது. அப்படியானால் அந்த ஒதுக்கீடு யாருக்கு? சொல்லுங்கள், யாருக்கு? ஒரு மாணவர் இதையும் உச்சநீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றார். எண்ணைப் பார்த்து எவரையும் விலக்காதே, அந்தக் குறைபாடு அந்தப் படிப்புக்கு உண்மையிலேயே தடையா என்று ஆராய்ந்து பார் என்று 2024 அக்டோபர் 15 அன்று நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. சட்டப் புத்தகத்தில் உரிமை. விதிப் புத்தகத்தில் மறுப்பு. இரண்டுக்கும் நடுவே பதினேழு வயதுப் பிள்ளை.

மூன்றாவது உடைப்பு, கல்லூரி வாயிலுக்கு உள்ளே. இடம் கிடைத்துவிட்டது, வகுப்பு மாடியிலே. சாய்தளம் இருக்கிறது, அது செங்குத்தாக இருக்கிறது. விடுதி இருக்கிறது, சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை இல்லை. காது கேளாத மாணவி முன்வரிசையிலே அமர்கிறாள். விரிவுரையாளர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார். சைகை மொழியிலே பெயர்த்துச் சொல்ல ஆளில்லை. வகுப்பிலே இருக்கிறாள் என்று வருகைப் பதிவேடு சொல்லும்; பாடத்திலே இருக்கிறாளா?

பார்வையற்ற மாணவரின் நூல்களைப் பற்றியும் ஒரு சொல். 1951ஆம் ஆண்டில் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் எழுத்து முறை வகுக்கப்பட்டது. இன்று கணினியே நூலை உரக்கப் படித்துக் காட்டுகிறது. என்.வி.டி.ஏ. என்ற திரைபடிப்பான் மென்பொருளைக் காசில்லாமலே பெறலாம். தமிழையும் அது படிக்கும். பார்வையற்றோர்க்காக நூல்களை மாற்றிக்கொடுக்க 2012இல் நம் பதிப்புரிமைச் சட்டமே திருத்தப்பட்டது. அதே நோக்கத்தோடு உலக நாடுகள் 2013இல் செய்த மராக்கேசு உடன்படிக்கையை முதலில் ஏற்றுறுதி செய்த நாடு இந்தியா. பெருமைதான்! ஆனால் பாட நூலை ஒளிப்படமாக எடுத்துக் கோப்பாக அனுப்பினால், கணினிக்கு அது வெறும் படம். படிக்க எழுத்து இல்லை. ஒருங்குறிக்கு முந்திய பழைய எழுத்துருக்களில் அச்சிட்ட தமிழ்க் கோப்பைத் திறந்தால், பொருளற்ற ஒலிகள்தாம் வரும். தமிழ் மாணவன், தமிழ் நாட்டில், தமிழ் நூலைக் கேட்க முடியாமல் ஆங்கில நூலைத் தேடுகிறான். இது யாருக்கு வெட்கம்? அவனுக்கா, நமக்கா?

‘இவையெல்லாம் மெல்ல மெல்லத்தான் நடக்கும், வளர்ந்த நாடுகளில் இந்தத் தொல்லை இல்லை’ என்று நினைப்போர் உண்டு. அங்கேயும் தானாக நடக்கவில்லை தோழர்களே! எட் ராபர்ட்சு என்ற அமெரிக்கர் 1953இல், தம் 14ஆம் வயதில், இளம்பிள்ளை வாதத்துக்கு ஆளானார். கழுத்துக்குக் கீழே அசைவில்லை. இரவிலே மூச்சு விடுவதற்கு இரும்பு நுரையீரல் என்னும் பெரும் பொறிக்குள் படுக்க வேண்டும். தொலைபேசி வழியாகப் பாடம் கேட்டு உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தார். பள்ளி என்ன சொல்லிற்று தெரியுமா? உடற்பயிற்சியும் கார் ஓட்டும் பயிற்சியும் முடிக்கவில்லை. ஆகவே சான்றிதழ் இல்லை என்றது! கழுத்துக்குக் கீழே அசையாதவரிடம் கார் ஓட்டினாயா என்று கேட்டது! அவர் தாய் கல்வி வாரியம் வரை சென்று போராடிச் சான்றிதழ் பெற்றார். 1962இல் பெர்க்கிலியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்த இரும்புப் பொறி விடுதி அறையில் அடங்காது. ஆகவே வளாக மருத்துவமனையின் ஓர் அறையையே விடுதியாக்கிக்கொண்டார். இவரால் ஒருநாளும் வேலை பார்க்க முடியாது என்று கூறி, மாநில மறுவாழ்வுத் துறை முதலில் உதவித்தொகை தர மறுத்தது. 1975இல் அதே துறைக்கு அவரையே இயக்குநராக அமர்த்தினார் மாநில ஆளுநர். வேலைக்கு ஆகாதவர் என்று எழுதிய அலுவலகத்துக்கே அவர் தலைவர்!

அவர் தனியே வென்றுவிட்டு ஒதுங்கவில்லை. அவரைப் பார்த்துப் பிறரும் வந்தனர், கூடினர், மாற்றுத்திறனாளி மாணவர்க்கெனத் தனித் திட்டம் ஒன்றை 1970இல் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே பெற்றனர். 1973இல், அரசுப் பணம் பெறும் எந்த நிறுவனமும் குறைபாட்டைக் காரணம் காட்டி எவரையும் ஒதுக்கக் கூடாது என்று அமெரிக்கச் சட்டத்தின் 504ஆம் பிரிவு கூறிற்று. கூறிற்றே தவிர, நடைமுறை விதிகளில் நான்கு ஆண்டுகளாகக் கையெழுத்து விழவில்லை. 1977 ஏப்ரலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் சான் பிரான்சிசுகோவின் அரசு அலுவலகக் கட்டடத்துக்குள் புகுந்து அமர்ந்தனர். சக்கர நாற்காலியில் இருந்தோர், பார்வையற்றோர், காது கேளாதோர் எல்லாரும் மூன்று வாரங்களுக்கும் மேலாக அசையவில்லை. கறுஞ்சிறுத்தைகள் இயக்கத் தோழர்கள் நாள்தோறும் உணவு கொண்டுவந்து கொடுத்தனர். நிறத்தால் ஒடுக்கப்பட்டவன், உடலால் ஒதுக்கப்பட்டவனுக்குச் சோறூட்டினான். ஏப்ரல் 28 அன்று கையெழுத்து விழுந்தது.

அந்த நாட்டிலிருந்து நாம் கற்க வேண்டிய இன்னொரு பாடம் உண்டு. ஒவ்வொரு மாற்றுத்திறனாளி மாணவருக்கும் பள்ளியே தனித் திட்டம் ஒன்றை எழுதி வைக்கவேண்டும் என்பது அங்கே 1975 முதல் சட்டம். 1990இல் அதைத் திருத்தி, பதினாறு வயதை எட்டும்போதே, பள்ளிக்குப் பின் கல்லூரியா, தொழிற்பயிற்சியா, வேலையா, அதற்கு என்னென்ன தேவை என்பதையும் அத்திட்டத்திலே எழுதவேண்டும் என்றனர். முடிவு வந்த நாளில் தொடங்குவதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்குகிறார்கள். காரணம் என்ன? பள்ளி வரையில், பிள்ளையைத் தேடிச் செல்வது பள்ளியின் கடமை. கல்லூரியிலோ மாணவர்தாம் முன்வந்து, ‘எனக்கு இன்ன குறைபாடு, இன்ன வசதி வேண்டும்’ என்று கேட்கவேண்டும். அதுவரை கேட்டே பழகாத பிள்ளை, அறிமுகமில்லாத அலுவலகத்திலே நின்று எப்படிக் கேட்கும்?

நம் பிள்ளைகளுக்கும் இதுவே நிலை. பன்னிரண்டு ஆண்டுகள் அம்மா பேசினாள், ஆசிரியர் பேசினார். பிள்ளை தலைகுனிந்து நின்றது. ‘அடக்கமான பிள்ளை’ என்று பாராட்டினோம். அந்த அடக்கமே கல்லூரியிலே அதற்கு விலங்காகிறது. ஆகவே, சான்று வாங்கித் தருவதற்கு இணையான பணி, கேட்கக் கற்றுத் தருவது. தலை நிமிர்ந்து, சட்டத்தின் பெயரைச் சொல்லி, விண்ணப்பத்தைத் தன் கையாலோ தன் சொல்லாலோ எழுதி, ‘இது என் உரிமை’ என்று கேட்கப் பழக்குவது.

‘இதற்கெல்லாம் செலவாகுமே’ என்பர் சிலர். ஆகும், மறுக்கவில்லை. படிக்கவைக்காமல் வீட்டிலே முடக்குவதற்குச் செலவில்லையா? சென்னையிலே படித்த பெனோ செபைன் முற்றிலும் பார்வையற்றவர். 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். மதுரையின் பூரண சுந்தரி, பார்வையிழந்தவர். 2019ஆம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்விலே 286ஆம் இடம் பெற்றார். இவர்கள் அதிசயப் பிறவிகள் என்று சொல்லி நழுவாதீர்கள். எல்லாப் பிள்ளைகளும் உயர் அதிகாரிகளாகவேண்டும் என்று நான் கேட்கவில்லை. கண்ணுள்ள பிள்ளைகளில் நடுத்தர மதிப்பெண் வாங்கியவன் நடுத்தரக் கல்லூரியிலே சேர்ந்து நல்லபடி பிழைக்கிறானே, அந்த நடுத்தர வாய்ப்பு கண்ணில்லாத பிள்ளைக்கும் வேண்டும். சாதனை செய்தால்தான் சமத்துவம் என்றால், அது சமத்துவமன்று, பரிசு!

இனி, நாம் என்ன செய்வது? மேடையிலே மூன்று சக்கர வண்டி வழங்கி, மாலை போட்டுப் படம் எடுத்துக்கொள்வதை நாம் நன்றாகவே அறிவோம். வண்டி வேண்டியதுதான். ஆனால் அந்த வண்டி எங்கே போகவேண்டும் என்பதைக் கேட்டோமா? ஒவ்வொரு கிளையும் தன் பகுதியிலே ஒன்பதாம் வகுப்பு முதல் பயிலும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் யார் யார் என்று, பெற்றோர் இசைவோடு, பட்டியல் எடுக்கட்டும். வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்க்கத் தெரிந்த நமக்கு இது கடினமா? பத்தாம் வகுப்பு முடியுமுன் சான்றும் அடையாள அட்டையும் கையில் இருக்கச் செய்யுங்கள். பாடப்பிரிவு தேர்ந்தெடுக்கும் நாளில் பெற்றோரோடு பள்ளிக்குச் சென்று, பிள்ளை விரும்பும் பிரிவைக் கேளுங்கள். கூடுதல் நேரத்துக்கும் எழுதுபவருக்கும் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். சேருமுன் கல்லூரியைப் பிள்ளையோடு சென்று பாருங்கள்: வாயில், வகுப்பு, கழிப்பறை, விடுதி, நூலகம். குறையிருந்தால் முதல்வரிடம் எழுத்திலே கொடுத்து, ஒப்புகை பெறுங்கள். தட்டச்சு தெரிந்த இளைஞர்கள் பாட நூல்களை ஒருங்குறியிலே அடித்துக் கொடுங்கள். சேர்ந்த பின்னும் முதல் பருவம் முடியும் வரை திங்களுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். முதல் சில திங்களிலேதான் பலர் மனம் உடைந்து வீடு திரும்புகின்றனர்.

இதிலே பெரும் பணம் வேண்டிய வேலை எது? ஒன்றுமில்லை. நேரம் வேண்டும், நடை வேண்டும், விடாப்பிடி வேண்டும். அவை மூன்றும் இல்லாதவன் தொண்டன் என்ற பெயருக்கே உரியவனல்லன்.

ஊனமுற்றோர் என்ற சொல்லைக் களைந்தோம். மாற்றுத்திறனாளி என்ற சொல்லை ஏற்றோம். நல்ல சொல், மதிப்பான சொல். சொல் மாறியது, இனி கணக்கு மாறட்டும். ஆயிரத்துக்கு இருவர் என்ற எண் ஏறட்டும், ஆண்டுக்கு ஆண்டு ஏறட்டும். அடுத்த மே திங்களில் முடிவு வரும் நாளன்று, அமைதியாக இருக்கும் அந்த வீட்டின் கதவை முதலில் தட்டும் கை உங்கள் கையாக இருக்கட்டும். ‘அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?’ என்று அந்தப் பிள்ளையைப் பார்த்துக் கேளுங்கள். பெற்றோரைப் பார்த்தன்று, பிள்ளையைப் பார்த்துக் கேளுங்கள். விடை வரும் வரையில் காத்திருங்கள்.